செத்துட்டா, செத்துட்டேன்

12 ஜூலை 2025, சனி

தம்பிக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்3 வீடியோ கேம் பெட்டி கிடைத்திருக்கிறது. முதல் ஆட்டம் 2013இல் வந்த டூம் ரைடர் (Tomb Raider). அதில் நாம் ஆட்டுவிப்பது லாரா என்ற பெண்ணை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

தொடங்கிய சில நிமிடங்களிலேயே குகைக்குள் தலைகீழாகத் தொங்கும் லாரா கீழே விழுகிறாள், இடுப்புக்கு மேலே இரும்புக் கம்பி ஏறுகிறது. முனகல், மூச்சிரைப்பு. "ஐயோ, பாவம்க்கா" என்றான். பிறகு ஆற்றுவெள்ளத்தில் திருப்பத் தவறிவிட்டான். மரக்கிளை லாராவின் கழுத்தில் பாய்ந்தது. கேமராவோ அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"செத்துட்டா."

முதல் டூம் ரைடருக்காக 1996இல் கோர் டிசைன் நிறுவனம் செய்த லாராவுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு கைத்துப்பாக்கி, ஓர் அரைக் காற்சட்டை, அசராத முகம்.

13 ஜூலை, ஞாயிறு

"செத்துட்டா" காதிலேயே நிற்கிறது. வேறு ஆட்டங்களில் இவன் "செத்துட்டேன்" என்றுதானே சொல்வான்? ரெசிடென்ட் ஈவில் 4இல் நாயகன் லியோனின் தலையைச் சங்கிலி ரம்பம் அறுத்தபோதுகூட "போச்சு, செத்துட்டேன்" என்றுதான் கத்தினான்.

2012இல், இந்த டூம் ரைடர் வெளிவருவதற்கு முன்பே, அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் ரான் ரோசன்பெர்க் பேட்டியில் சொன்னார்: ஆடுபவர்கள் தங்களை லாராவாக நினைப்பதில்லை, அவளைப் பாதுகாக்கத்தான் விரும்புகிறார்கள் என்று. அப்போதே பெரிய சண்டை நடந்தது. கதை எழுதியவர்களில் முதன்மையானவர் ரியானா பிராட்செட் என்ற பெண் என்பதும் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்தப் பேட்டியைவிட ஆட்டத்தின் மேல்தான் கோபம். லாரா முதல் ஆளைச் சுட்டுவிட்டுக் குலுங்கி அழுகிறாள். கண்ணீர் காய்வதற்குள் அடுத்தடுத்து ஆட்களைச் சாய்க்கிறாள். வலிக்கிற லாரா, நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் காட்சிகளில்தான் வருகிறாள்.

16 ஜூலை, புதன்

தம்பிக்கு லாராவின் வில்லில் கை பழகிவிட்டது. மலைச்சரிவில் தவறி விழுந்தான்.

"செத்துட்டேன்க்கா."

ரோசன்பெர்க் இதைக் காதால் கேட்டிருக்க வேண்டும்.

2 ஆகஸ்ட், சனி

இப்போது லாஸ்ட் ஆஃப் அஸ். டூம் ரைடர் வந்தது மார்ச் என்றால் இது அதே 2013 ஜூன். நாம் ஆட்டுவிக்கும் ஜோயல் ஒரு பல்கலைக்கழகத்தில் மேலிருந்து விழுகிறான், வயிற்றில் கம்பி ஏறுகிறது. அதே கம்பி! தூக்கிவிடுவது கூடவே வரும் பதினாலு வயதுச் சிறுமி எல்லி. தள்ளாடும் ஜோயலை நாமே நடத்திக்கொண்டு போக வேண்டும்.

"நடக்க முடியலக்கா எனக்கு."

பாவம் என்ற சொல் வரவே இல்லை. இத்தனை மணி நேரம் ஜோயலாகவே அடித்து, திருடி, கொன்று வந்தவனுக்கு அந்தக் காயம் தன்னுடையதாகிவிட்டது. லாரா நம் கைக்கு வந்தபோதே கட்டுண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். பழக நேரம் எங்கே இருந்தது?

அடுத்து குளிர்காலம். இனி ஆடுவது எல்லியாக, வில்லோடு மான் வேட்டை. லாராவுக்கும் முதல் வேட்டை மான்தான். இங்கே எல்லியை அறிமுகப்படுத்தவோ அவளுக்காக இரங்க வைக்கவோ ஆட்டம் ஒரு நிமிடம்கூடச் செலவிடவில்லை. மானின் ரத்தத்தடத்தைப் பின்தொடர்ந்து போக வேண்டியதுதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

எரியும் உணவகம். வில்லன் டேவிட் கத்தியோடு தேடுகிறான், எல்லி மேசைகளுக்கு இடையே பதுங்குகிறாள். தம்பி கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு, "நீ ஆடுக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றான். தரையில் உடைந்த தட்டுகள். மிதித்தால் அவனுக்குக் கேட்டுவிடும்.

மிதித்தேன். செத்துட்டேன். மறுபடியும் மிதித்தேன்.