இரவல் உறைமோர்

மே 11, 2019, பாஸ்டன்

மகளுக்கு வயிற்றுப்போக்கு மூன்றாம் முறையாகத் திரும்பிவிட்டது. அதற்குக் கொடுத்த வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்திப் பத்தே நாள். காலையிலிருந்து ஒன்பது தடவை போய்விட்டாள். ஒவ்வொன்றுக்கும் நாள்காட்டித் தாளில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். இன்று தேதியே மறைந்துவிட்டது. ஐந்து வயதுக் குழந்தையின் இடுப்பெலும்பு பாவாடைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

எல்லாம் பிப்ரவரியில் காதுவலிக்குக் கொடுத்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கில் தொடங்கியது. குடலில் இருந்த நல்ல கிருமிகளும் அதில் மடிந்தன. காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கெட்ட கிருமி பெருகிவிட்டது. மருந்தில் கிருமி சாகிறது, அதன் வித்துகள் சாவதில்லை. கையில் தேய்க்கும் ஆல்கஹாலுக்கும் அவை அடங்காதாம். சோப்பும் தண்ணீரும்தான் வழி. கழுவிக் கழுவி என் விரலிடுக்குகள் வெடித்துவிட்டன.

மே 24

ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, கொலோனோஸ்கோப்பிக் குழாய் வழியாக இவள் பெருங்குடலுக்குள் விடலாம் என்கிறார் மருத்துவர். எனக்கு வாயடைத்துப் போயிற்று. கேள்விகளை எல்லாம் கணவர்தான் கேட்டார்.

புதிய வைத்தியம் இல்லையாம். 1958இல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் நான்கு பேருக்குச் செய்து வெளியிட்டிருக்கிறார். 2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமானது. வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் நால்வருக்குத்தான். அவர்கள் எல்லாரும் பெரியவர்கள். குழந்தைகளில் அனுபவம் குறைவு என்பதை மருத்துவர் ஒளிக்கவில்லை. அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இரவு தஞ்சாவூருக்குத் தொலைபேசி. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நம் வீட்டு உறை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவோமே, அது போலத்தானே?" என்றாள். ஆமாம் அம்மா, அதேதான். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 3

நான் கொடுக்க முடியாது. ஜனவரியில் ஊருக்குப் போய்வந்தேன். ஆறு மாதம் ஆகவில்லை. இவர் போகவில்லை. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை, சிபிலிஸ், ஒட்டுண்ணி என்று இரத்தத்திலும் மலத்திலும் அத்தனை சோதனைகள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் காகிதப் பையில் டப்பாவை எடுத்துப்போகிறார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஜூன் 13

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் எச்சரிக்கை வந்திருக்கிறது. இதே சிகிச்சை பெற்ற, எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்கு, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் கிருமி தொற்றியிருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டார். இருவருக்கும் மலம் கொடுத்தவர் ஒருவரே. அந்தக் கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை.

மருத்துவரே அழைத்து, தேதியைத் தள்ளிவைத்தார். இவருக்கு அந்தச் சோதனையும் நடக்கும். இறந்தவரின் வீட்டில் யாரெல்லாம் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். குழந்தை வான்கோமைசினிலேயே இருக்கிறாள். கசப்புக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

ஜூலை 22

முடிந்தது. மயக்க மருந்து கொடுக்கும்வரை அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். செவிலியர் தட்டில் பெரிய ஊசிக்குழாய்கள். உள்ளே சுக்குக் காப்பி நிறத்தில் கலங்கலான நீர். அருவருப்பு வரும் என்று பயந்திருந்தேன். கும்பிடத்தான் தோன்றியது.

ஜூலை 26

இரண்டு கோடுகள்.

ஆகஸ்ட் 9

ஒரு கோடு. இட்லி மூன்று.

செப்டம்பர் 14

மறுபடி காதுவலி. லேசான காய்ச்சல். என் கை நடுங்கியது. ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம் என்றார் மருத்துவர். இரவு முழுக்க என் மடியில் காதை அழுத்திப் படுத்திருந்தாள்.

செப்டம்பர் 16

காய்ச்சல் இறங்கிவிட்டது. பள்ளிக்குப் போயிருக்கிறாள்.