இடது ஸ்டிக், வலது ஸ்டிக்

ஜூலை 3

டெட்ரிஸ். அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் இதை எழுதியபோது அவர் கைவசம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது; அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் விழும் கட்டங்களைக் காட்டினார். நாற்பது ஆண்டுகளில் அதன் மேல் ஏற்றப்பட்ட வண்ணமும் இசையும் அந்த ஏழு வடிவங்களின் கணக்கை மாற்றவில்லை. குறை சொல்ல இடமில்லாத ஒரு விளையாட்டைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அண்ணன் போனைப் போர்வையின் மேல் வைத்துக்கொண்டு இடது கட்டைவிரலால் ஆடுகிறான். நீளத் துண்டு தவறான பக்கம் போய் விழுந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 4

கேண்டி க்ரஷ்: ஐந்து உயிர்களும் தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப 30 நிமிடம் காத்திரு, இல்லையேல் பணம் கட்டு என்று சொல்லும் இந்த விளையாட்டு காத்திருப்பையே விற்கிறது, காத்திருப்பவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதிப் பேர் கையில் அதுதான் ஓடுகிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜூலை 6

மறுபடியும் டெட்ரிஸ். பழைய நிண்டெண்டோ பதிப்பில் 29ஆம் நிலைக்கு வந்தால் துண்டுகள் விழும் வேகத்துக்கு மனித விரலால் ஈடுகொடுக்க முடியாது, அதுவே விளையாட்டின் எல்லை என்று நெடுங்காலம் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு, பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக, ஒரு கையின் கட்டைவிரலைத் திசைப் பொத்தானின் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறு கையின் விரல்களால், கையில் பிடித்து ஆடும் கருவியான கன்ட்ரோலரின் முதுகை வரிசையாகத் தட்டும் ஓர் உத்தி பிறந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் அந்த உத்தியில் ஆடி, 157ஆம் நிலையில் விளையாட்டையே உறைந்து நிற்கச் செய்தான். விரல் அதே விரல்தான். பிடிக்கும் விதம் மாறியது, எல்லை விலகியது. இதை அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று அவன், "சிறுவனுக்கு இரண்டு கை இருந்தது" என்றான்.

ஜூலை 7

க்யூ டபிள்யூ ஓ பி என்ற நான்கு எழுத்துகளையே பெயராகக் கொண்ட ஓட்டப்பந்தய விளையாட்டு, 2008. செய்தவர் பென்னட் ஃபாடி. விசைப்பலகையில் முதல் இரண்டு எழுத்துகள் ஓட்டக்காரனின் இரு தொடைகளையும், அடுத்த இரண்டு அவனுடைய இரு கெண்டைக்கால்களையும் அசைக்கும். 100 மீட்டர் ஓடவேண்டும். பெரும்பாலோர் முதல் அடியிலேயே தலைகுப்புற விழுவார்கள், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், அதற்காகவே இது பரவியது. பிசியோதெரபி அறையில் இணைக் கம்பிகளைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நடந்ததை இன்று காலையில் பார்த்தேன். முழங்காலை மடக்கு என்று தனியாக ஒருமுறை, பாதத்தைத் தூக்கு என்று தனியாக ஒருமுறை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடப்பது என்ற ஒரே செயலுக்குள் எத்தனை தனித்தனி ஆணைகள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் காட்டிய ஒரே விளையாட்டு இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இதை நகைச்சுவை வரிசையில் வைப்பது அநியாயம்.

ஜூலை 8

சர்ஜன் சிமுலேட்டர், 2013: மருத்துவரின் கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விசை, அந்தத் தடுமாற்றமே வேடிக்கை, நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள், எனக்கு வேண்டாம்.

ஜூலை 10

ஷேடோ ஆஃப் தி கொலாசஸ். ஃபுமிட்டோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் வெளியானது. இறந்துபோன ஒரு பெண்ணை மீட்பதற்காக வாண்டர் என்னும் இளைஞன் 16 பேருருவங்களைத் தேடிப்போய்க் கொல்கிறான். சிறு பகைவர்கள் இல்லை, ஊர்கள் இல்லை, குதிரையும் வெட்டவெளியும்தான். மற்றவர்கள் அந்த வெட்டவெளியைப் புகழ்வார்கள். நான் புகழ நினைப்பது கன்ட்ரோலரின் வலது முன்விளிம்பில் சுட்டுவிரலுக்கென்று இருக்கும் ஆர்-1 பொத்தானை. பேருருவத்தின் மயிரைப் பற்றிக்கொள்ள அதை அழுத்தியபடியே இருக்கவேண்டும். விட்டால் வாண்டர் விழுவான். திரையின் மூலையில் அவனுடைய வலுவைக் காட்டும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். மிருகம் உடலை உதறும்போது எதையும் செய்யமுடியாமல் அந்தப் பொத்தானை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வேளையில், விளையாடுபவரின் சுட்டுவிரலும் வாண்டரின் பிடியும் வேறுவேறல்ல. பற்றுதலை இவ்வளவு நேராகக் கைக்குக் கொண்டுவந்த வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை. அண்ணன்தான் அதை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிளேஸ்டேஷன் 2 அவனுடையது. பதின்மூன்றாவது பேருருவம், மணலுக்கு மேலே பறக்கும் அந்த நீண்ட உடல், அவன் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

பிசியோதெரபிஸ்ட் மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார். சுட்டுவிரலால் அதை அழுத்திப் பிடித்து மெல்ல எண்ணச் சொல்கிறார்.

ஜூலை 11

பாக்-மேன், 1980: ஒரே ஒரு நெம்புகோல், ஆட்டத்துக்கென்று ஒரு பொத்தான்கூட இல்லை, ஒரு கைக்கு அளந்து செய்த முழுமையான விளையாட்டு.

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 13

இரவில் தூக்கம் வராததால் ஒரே விஷயத்தைப் பற்றி நீளமாக எழுதுகிறேன்.

சிறந்த விளையாட்டுகளைப் பற்றிய பட்டியல்களில் கதை, இசை, உலகம், சவால் என்று எல்லாவற்றையும் எடைபோடுகிறார்கள். அந்த விளையாட்டு எத்தனை விரல்களைக் கேட்கிறது என்பதை யாரும் எடைபோடுவதில்லை. கதவைத் திறக்க ஒரே பொத்தானைப் படபடவென்று அடிக்கச் சொல்லும் காட்சிகள் எத்தனை பெரிய விளையாட்டுகளில் இருக்கின்றன. அவற்றால் கதைக்கும் பயனில்லை, சவாலுக்கும் பயனில்லை. நல்ல கைகள் உள்ளவருக்கு அது சலிப்பு; அவ்வளவுதான். அண்ணனுக்கு அங்கேயே விளையாட்டு முடிந்துவிடுகிறது.

செலஸ்ட், 2018. மேட்லின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஒவ்வொரு தாவலும் கத்திமுனை. கடினத்துக்குப் பெயர்போன விளையாட்டு. ஆனால் அதில் உதவி முறை என்று ஒன்று இருக்கிறது: வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பை நீக்கலாம், அடிபடாமலே போகலாம். வேகத்தை 70 சதவீதத்தில் வைத்து, இடது கையால் நடக்கவும் தாவவும் பொத்தான்களை மாற்றியமைத்துக்கொண்டு, அண்ணன் முதல் அத்தியாயத்தைக் கடந்தான். மலை சிறுத்துவிடவில்லை. எளிதாக்கினால் விளையாட்டின் பொருள் கெட்டுவிடும் என்று வாதிடுபவர்கள் அவன் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில், 2020, இத்தகைய வசதிகள் 60க்கும் மேல் இருக்கின்றன; படபடவென்று அடிக்கவேண்டிய இடங்களில் அழுத்திப் பிடித்தாலே போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். அதன் கதை எனக்குப் பிடிக்கவில்லை, பழிவாங்கலைப் பற்றித் தெரிந்ததையே மிக நீளமாகச் சொல்கிறது. ஆனாலும் அந்த அமைப்புப் பக்கத்துக்காகவே அதை மதிக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் 2018இல் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற ஒன்றை வெளியிட்டது. மேலே இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள், பின்புறம் வரிசையாக 19 துளைகள். காலால் மிதிப்பதோ முழங்கையால் தட்டுவதோ, எவருக்கு எது முடியுமோ அந்த விசையைத் துளையில் செருகிக்கொள்ளலாம். அது வரும் பெட்டியைக்கூட வளையங்களைப் பிடித்து இழுத்தாலே திறக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், பல்லால் கடித்துக் கிழிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக. அந்த வளையங்களின் படத்தை அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரவழைத்துவிடலாமா என்று கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றான். கை திரும்பிவிடும், எதற்கு வீண்செலவு என்றான். அதற்கு மேல் அண்ணியும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதை வாங்கினால் அவன் எதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று நினைக்கிறான் என்பது எனக்குப் புரிகிறது. அப்படி ஒன்றும் ஆகாது என்று அவனிடம் சொல்லும் வார்த்தைகள்தான் என்னிடம் இல்லை.

ஜூலை 14

வாங்கத்தான் வேண்டும்.

ஜூலை 16

பேப்பர்ஸ், ப்ளீஸ். லூக்காஸ் போப், 2013. ஆர்ஸ்டாட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் ஊழியர் நாம். சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கூலி 5 கிரெடிட். மேசை வேண்டுமென்றே சிறியதாக இருக்கிறது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, முத்திரைக்குக் கீழே பாஸ்போர்ட்டை இழுத்துச் சரியாக நிறுத்துவதற்குள் வரிசை நீள்கிறது, பொழுது போகிறது. அதிகாரம் செய்பவரின் கைகளும் கட்டப்பட்டவைதான் என்பதை வசனமில்லாமல் அந்த மேசையே சொல்லிவிடுகிறது. நாளின் முடிவில் வரும் கணக்குத் திரையில் வாடகை, உணவு, கணப்பு என்று செலவுகள்; வீட்டில் யாராவது நோயுற்றிருந்தால் மருந்துக்கும் ஒரு செலவு. பணம் போதாதபோது எந்தச் செலவை விடுவது என்று நாமே தீர்மானிக்கவேண்டும். மிகச் சிறந்த விளையாட்டு. அந்தத் திரைக்கு வந்ததும் அண்ணி எழுந்து போய்விட்டார். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

ஜூலை 18

அம்மா இருந்ததால் வெண்பா, 2023. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்களுடைய மகன் கவினும்தான் கதை; தாயின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்கவேண்டும். ஆவி தடையின்றி மேலேற இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கவேண்டும் என்ற முதல் புதிருக்கு அம்மா கண்ணாடியைக்கூடத் தேடாமல் விடை சொன்னாள். ஒரே அமர்வில் முடிந்துவிடும் சிறிய விளையாட்டு. ஆண்டுகளை அது தாண்டும் வேகத்தில் கவின் ஏன் விலகினான், ஏன் திரும்பினான் என்பவை சுருக்கமாகவே சொல்லப்படுகின்றன, இன்னும் இரண்டு சமையல்களுக்கு அங்கே இடமிருந்தது. தாளிக்கும் ஓசை மட்டும் அவ்வளவு துல்லியம். நிறைய நேரம் எடுத்துக்கொள்ளாமல், எந்த விரலையும் அவசரப்படுத்தாமல், அண்ணனின் இடது கைக்கு மவுஸைக் கொடுத்து அது பொறுமையாகக் காத்திருந்தது. அம்மா மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள்.

ஜூலை 19

சுட்டுவிரல் அசைந்தது என்று அண்ணி சொல்கிறார். நான் பார்க்கும்போது அசையவில்லை.

ஜூலை 21

வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச், 2017. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்று சொல்லும் கதைகளின் தொகுப்பு. எல்லாக் கதைகளும் ஒரே தரமல்ல, சில அழகுக்காகவே அழகாக இருக்கின்றன. லூயிஸ் கதை மட்டும் தனி. அவன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சிதான் ஸ்டிக். வலது ஸ்டிக்கால் ஒரு மீனை எடுத்து, கத்திக்கு நகர்த்தி, தலை துண்டானதும் மேலே தள்ளவேண்டும். அடுத்த மீன், அடுத்த மீன். அதே நேரத்தில் இடது ஸ்டிக்கால் அவனுடைய கற்பனை நாட்டில் நடக்கவேண்டும். மெல்ல மெல்லக் கற்பனை திரை முழுவதையும் நிறைக்கிறது, ஆனால் வலது கை மீனை வெட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

தனியாக ஆடினால் மனம் இரண்டாகப் பிளப்பதை உணரலாம். நாங்கள் ஒரே கன்ட்ரோலரை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவன் இடது கையால் ஊர் ஊராகப் போனான். நான் மீன் வெட்டினேன். அது எங்கே போய் முடிகிறது என்பது எனக்குத் தெரியும், அதனால் பாதியில் நிறுத்தலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. முடிந்த பிறகு, இதுபோல இரண்டு ஸ்டிக்குக்கும் இரண்டு ஆள் பிடிக்கிற மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 23

பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், 2013. இயக்கியவர் ஸ்வீடனின் திரைப்பட இயக்குநர் ஜோசஃப் ஃபாரெஸ். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடி இரண்டு சகோதரர்கள் புறப்படுகிறார்கள். அண்ணனுக்கு இடது ஸ்டிக்கும், சுட்டுவிரலால் அழுத்தும் விசையான இடது ட்ரிகரும். தம்பிக்கு வலது ஸ்டிக்கும் வலது ட்ரிகரும். பேசுவது எவருக்கும் தெரியாத, இதற்கென்றே ஆக்கப்பட்ட மொழி. ஒருவர் தனியாக இரு கைகளாலும் ஆடவேண்டும் என்று செய்யப்பட்டது இது. இரு பாத்திரங்களும் திரையில் இடம் மாறி நின்றால் கை குழம்பிப்போகிறது என்று தனியாக ஆடுபவர்கள் குறை சொல்வதுண்டு. எங்களுக்கு அந்தக் குழப்பம் எழவே இல்லை. அண்ணன் அண்ணனை நடத்தினான், நான் தம்பியை நடத்தினேன். தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றால் அச்சம். நீர்நிலை வந்தால் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடக்கிறான். அந்த இடத்தில் நான் வலது ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்க, நீந்துவது முழுக்க அவன் கையில்.

ஜூலை 24

ஒரே கயிற்றில் இருவரையும் கட்டிப் பாறைச்சுவரில் ஊசலாடவிடும் பகுதி இந்த விளையாட்டின் உச்சம். நான் பற்றியிருக்கும்போது அவன் விடலாம். அவன் பற்றிய பிறகுதான் நான் விடலாம். "இப்போ விடு", "இரு, இரு", "பிடிச்சாச்சா?" என்று இருவரும் சத்தம் போட்டதில் நர்ஸ் எட்டிப்பார்த்தார்.

ஜூலை 25

கடைசி அத்தியாயத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி தனியாகத் திரும்பும்போது வெள்ளம் குறுக்கிடுகிறது. வலது ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் அவன் நீந்துவதில்லை, இடது ட்ரிகரை, அண்ணனுடைய ட்ரிகரை, அழுத்தினால்தான் இறங்குகிறான். அதுவரை வேலையில்லாமல் கிடந்த இடது கைக்குத் திடீரென்று வேலை வரும் அந்தக் கணத்தை, விளையாட்டு என்ற கலை மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்று நான் பலரிடம் வாதிட்டிருக்கிறேன். தனியாக ஆடுபவருக்கு அது தன் சொந்தக் கை. எங்களிடம் அந்த ட்ரிகரின் மேல் இருப்பது அவனுடைய விரல்.

முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். அவனிடமே கேள் என்றார்.

ஜூலை 26

ரிப்போர்ட் வந்தது. திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 27

பலியிடப்படவிருந்த பெண்ணைச் சகோதரர்கள் காப்பாற்றும் பகுதி வரை வந்துவிட்டோம். அவளை அண்ணன் நம்புகிறான், தம்பி நம்பவில்லை, ஆனால் அண்ணன் ஏன் அவ்வளவு எளிதில் மயங்குகிறான் என்பதற்கு விளையாட்டு போதிய காரணம் காட்டவில்லை. இதுவரை ஒவ்வொரு உணர்ச்சியையும் கைகளின் வழியே ஊட்டிய இந்த விளையாட்டு, இங்கே மட்டும் அண்ணனின் ஸ்டிக்கை வைத்திருப்பவரிடம் எதையும் கேட்காமல் தானே முடிவெடுத்துவிடுகிறது, கதையிலேயே பலவீனமான இடம் இதுதான் என்று நான் சொல்ல, அண்ணன் மறுத்தான். வழி தெரிந்தவர்கள் யாரோ ஒருவர் முன்னால் போனால் களைத்தவன் பின்னால் போகத்தான் செய்வான், அதற்குக் காரணம் வேண்டுமா என்று கேட்டான். பிறகு, இந்த விளையாட்டின் முடிவு தனக்குத் தெரியும் என்றும், 2014இலேயே ஹாஸ்டலில் ஆடி முடித்துவிட்டதாகவும், திங்கட்கிழமைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னான்.