ஆடல் பாடலுக்கு அனுமதி வாங்கிய கதை

மதுரைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கல் என்றால் முளைப்பாரி, கிடாவெட்டு, மூன்றாம் நாள் இரவு மந்தையில் ஆடல் பாடல். தலைக்கட்டு வரி கொடுக்க மூக்கால் அழும் ஆள்கூட, ஆடல் பாடல் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். 2025இல் விழாக் குழுவில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. நாலு எழுத்துப் படித்தவன் என்று சொல்லி, அனுமதி வாங்கும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இருபது நாள் முன்பே காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். ரசீது கேட்காமல் வந்தது என் மடத்தனம். பத்து நாள் கழித்துப் போனால், அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். மறுபடி எழுதி, ஊர்க் கூட்டத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டம் ஒழுங்கு கெடும், அனுமதி இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

கோர்ட்டுக்குப் போகச் சொன்னவரும் அதே நிலையத்துக் காவலர்தான். "உத்தரவோடு வாருங்கள் அண்ணே, எங்களுக்கும் அதுதான் நல்லது" என்றார். நாளைக்கு ஏதாவது நடந்தால் அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி அவர்கள் பக்கம் வராது அல்லவா!

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், யானைமலை தெரியும் தூரத்தில் இருக்கிறது உயர் நீதிமன்றக் கிளை. 2004இல் வந்தது. அதற்கு முன்பு இதற்கெல்லாம் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அன்று எங்களைப் போலவே மஞ்சள் பையில் அம்மன் படம் போட்ட அழைப்பிதழோடு வேறு ஊர்க்காரர்களும் நின்றார்கள். எங்கள் அழைப்பிதழைப் பார்த்த வழக்கறிஞர் தலையில் அடித்துக்கொண்டார். அனுமதி கிடைக்கும் முன்பே 'மாபெரும் ஆடல் பாடல்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம்.

விசாரணை ஐந்து நிமிடம்கூட இல்லை. உத்தரவு கைக்கு வந்தது திருவிழாவுக்கு முந்தைய நாள். ஆபாச அசைவு கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, அரைகுறை உடை கூடாது, சாதியையும் கட்சியையும் புகழும் பாட்டு கூடாது, பத்து மணிக்கு முடிக்க வேண்டும், மீறினால் போலீஸ் நிறுத்தலாம். பத்து மணிக் கணக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருப்பது. ஆபாசப் பாட்டுக்கு, 2024 ஜூலைக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 294ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 296ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் இதையெல்லாம் மனப்பாடமே செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேனில் வந்து இறங்கிய ஆட்டக் குழுவிடம் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆட்டக்காரம்மா ஒருவர், காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "நாங்கள் எப்படி ஆட வேண்டும் என்று எழுதியிருக்கிறது, சரி. கீழே நிற்கிறவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா அண்ணே?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

போன மாதம் ஓர் ஊரில் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துகிறேன் என்று ஒருவன் மேடையேறிக் கையைப் பிடித்து இழுத்தானாம். ஆட்டத்தை நிறுத்தினார்கள், இந்த அம்மாவுக்குப் பேசிய சம்பளத்தில் பாதிதான் கிடைத்ததாம். உடனே ஆளை அனுப்பிச் சவுக்குக் கட்டை எடுத்துவரச் செய்து, மேடையிலிருந்து பத்தடி தள்ளித் தடுப்புக் கட்டினோம். மேடையேறினால் அபராதம் என்று ஊர்ப் பெரியவரையே மைக்கில் சொல்லவைத்தோம். இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு பாட்டின் பாதியிலேயே மைக் நின்றது. மறுநாள் கணக்கு எழுதும்போது சவுக்குக் கட்டை வாடகையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வழக்குச் செலவு என்று எழுதினேன்.