12 வால்வு கம்மின்ஸ்: டைமிங்கா, டீசலா, எது முதலில்?

1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் டீசல் இன்ஜினில், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பாஷ் பி7100 பம்ப் இருக்கும். பவர் கூட்ட எல்லோரும் முதலில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்யூல் பிளேட்டில்தான் கை வைப்பார்கள். அதற்கு முன் பம்புக்கு வரும் டீசலின் அழுத்தத்தைப் பாருங்கள். ஐடிலில் 17 பிஎஸ்ஐ, 2500 ஆர்பிஎம்மில் 25 பிஎஸ்ஐ குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஃபில்டரையும் ஓவர்ஃப்ளோ வால்வையும் சந்தேகப்படுங்கள். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

டைமிங்குக்கு, அதாவது டீசல் பாயத் தொடங்கும் நேரத்தைப் பார்க்க, பம்பில் முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி டயல் கேஜ் வையுங்கள். டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் அடியில் நிற்கும்போது கேஜைப் பூஜ்ஜியமாக்கி, இன்ஜினைச் சுற்றும் திசையிலேயே டிடிசிக்கு (முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவந்து லிஃப்டை, அதாவது பிளஞ்சர் எவ்வளவு உயர்ந்தது என்பதை, படியுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லையென்றால் கியர் இடைவெளி அளவைக் கெடுக்கும். எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை டிகிரி என்பது பம்புக்குப் பம்ப் மாறும்.

டைமிங்கை மாற்ற பம்ப் கியரை ஷாஃப்ட்டிலிருந்து விடுவித்து மறுபடி இறுக்க வேண்டும்; பிறகு அந்தக் கியர் நழுவுவதுதான் பெரிய தொல்லை. கியரின் உள்பக்கமும் ஷாஃப்ட்டின் கூம்பும் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைக்கப்பட வேண்டும். கியர் நட்டை 195 நியூட்டன் மீட்டரில் முறுக்கிவிட்டு லிஃப்டை இன்னொரு முறை அளந்து பாருங்கள். டிடிசியைக் காட்டும் பிளாஸ்டிக் டைமிங் பின்னை உள்ளே விட்டபடி இன்ஜினைச் சுற்றினால் அது உடையும்.

டைமிங்கை முன்னே தள்ளினால் புகைபோக்கிச் சூடு சற்றுக் குறையும். சிலிண்டர் அழுத்தமோ ஏறும், ஹெட் கேஸ்கெட் அடிவாங்கும். கரும்புகை வந்தால், டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் ஏஎஃப்சியின் ஸ்பிரிங்கை இறுக்குங்கள்.