தூக்குக் கயிறும் வெற்றுக் கோதும்

ஒரே இடத்தில் பலரைச் சுட்டுக்கொன்ற செய்தி வந்தால், அது நியூசிலாந்தில் நடந்தாலும் மன்னாரில் நடந்தாலும், வவுனியா நீதிமன்றத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் முதலில் கேட்பது ஒரு வார்த்தைதான்: "உவங்களைத் தூக்கில போடவேணும்." அந்தக் கோபத்தில் பிழை இல்லை. கொலை வழக்குக் கோவைகளோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கும் அதே கோபம் உண்டு. ஆனால் அந்த வார்த்தை எந்த வழியால் போய் எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம். கொலை என்று தீர்மானமானால் நீதிபதிக்கு வேறு தெரிவு இல்லை. செத்தது ஒருவரா இருபது பேரா என்பதால் அது மாறாது. தீர்ப்பு வாசிக்கும்போது மின்விசிறியையும் விளக்கையும் நிறுத்துவார்கள். எல்லாரும் எழும்பி நிற்பார்கள். கையெழுத்திட்ட பேனையின் முனை முறிக்கப்படும். மண்டபத்தில் இருக்கிற தாய்மார் அன்றைக்கு நீதி கிடைத்துவிட்டது என்றுதான் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் 1976 ஜூன் 23க்குப் பிறகு இலங்கையில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டியவும் அவருடைய பொலிஸ் மெய்ப்பாதுகாவலரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மறுநாளே தூக்கு மீண்டும் வருகிறது என்று அறிவித்தார்கள். வரவில்லை. 2019இல் போதைப்பொருள் வழக்குகளில் நான்கு பேருக்கான ஆணையில் சனாதிபதி கையெழுத்திட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சொல்லும் வழி இது. வழக்கைக் கேட்ட நீதிபதியின் அறிக்கை சட்டமா அதிபருக்குப் போகும். அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சருக்கு. அமைச்சரின் சிபாரிசோடு சனாதிபதிக்கு. உயிரை எடுக்கவும் விடவும் கடைசியில் ஒரு கைதான். யாழ்ப்பாணம் மிருசுவிலில் 2000 டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஐந்து படையினர் மேல் வழக்கு நடந்து, 2015இல் ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதியின் மன்னிப்பில் அவர் வெளியே வந்தார். சட்டத்தில் உள்ள ஆகப் பெரிய தண்டனை ஒரு நாளில் ஒன்றுமில்லாமல் போனது. தூக்கு வேண்டும் என்பவர்கள் இந்த வழக்கை முதலில் பார்க்கவேணும்.

இனி, அந்தத் தீர்ப்பு வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது என்பது. ரி-56 தானியங்கித் துவக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 ரவை சுடும். 30 ரவைக் கூடு மூன்று செக்கனில் காலி. ரவை சுட்டபின் மிஞ்சும் உலோகக் கூடுகளான வெற்றுக் கோதுகள் சுடுபவரின் வலப்பக்கமாகச் சில மீற்றர் தள்ளி விழும். கோதின் அடியில் ஊசி குத்திய குழியும், விளிம்பில் கொக்கி இழுத்த கீறலும் இருக்கும். இப்படியான அடையாளங்கள்தான் கோதை ஒரு குறிப்பிட்ட துவக்கோடு கட்டுகின்றன. அதனால் ஒவ்வொரு கோதுக்கும் தனி இலக்கம், அளவுகோல் வைத்த படம், அசையாத இரண்டு இடங்களில் இருந்து அளந்த தூரம், தனிக் கடித உறை. எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் அள்ளிப் போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். மாரி காலத்தில் உள்ளே வேர்த்துத் துருவும் பிடிக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பது ஒரு கேள்விதான்: "இந்தக் கோது எந்த இடத்தில் கிடந்தது?" பதில் இல்லாவிட்டால் அதன் பெறுமதி போச்சு.

வன்னியில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த மண்ணில் பழைய கோதுகள் கிடக்காத காணி குறைவு. 2009 வரைக்கும் போரில் விழுந்தவை மழைக்கு மேலே வரும். செம்புப் பூச்சுப் போட்ட உருக்குக் கோது என்றால் ஒரு மாரி தாண்டினாலே துரு ஏறும். புதிதாகச் சுட்டது மினுங்கும், வாயில் கரி இருக்கும். பழசையும் புதுசையும் அந்த இடத்திலேயே பிரித்து எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால், சுட்டது எத்தனை பேர் என்ற கணக்கே குழம்பிவிடும்.

உடலுக்குள் நிற்கும் சன்னமும் இதே கதைதான். வெட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கவேணும். சன்னத்தை எடுக்கும்போது வெறும் இரும்பு இடுக்கி பட்டால் துவக்குக் குழல் விட்ட வரிகளுக்கு மேல் புதுக் கீறல் விழும். காயப்பட்டவர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாலும், சத்திரசிகிச்சையில் எடுத்த சன்னத்தைத் தட்டில் விட்டுவிடாமல் பேர் எழுதி அரக்கு முத்திரை வைத்துப் பொலிசிடம் கொடுக்கிற ஒரு தாதிதான் அந்த வழக்கின் பாதி.

அடுத்தது வாக்குமூலம். சுட்டான் என்பதை எங்கள் சனம் "வெடி வைச்சவன்" என்று சொல்லும். இதைச் சிங்களத்தில் எழுதும்போது பழக்கமில்லாத பொலிஸ்காரர் "குண்டு வைத்தான்" என்று போட்டுவிடலாம். பல வருடம் கழித்து அதே சாட்சி கூண்டில் ஏறி "துவக்கால சுட்டவன்" என்பார். முன்னர் குண்டு என்றீர்களே என்று முரண்பாடாகக் குறிக்கப்படும். சாட்சி பொய் சொல்லவில்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த முரண்பாடே பிறந்திருக்காது.

பிறகு காத்திருப்பு. துவக்கும் கோதும் அரச பகுப்பாய்வாளரிடம் போய்வரவேணும், சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம் வரவேணும். அதுவரை நீதிமன்றத்தில் கிடைக்கும் பதில், "அம்மா, இண்டைக்கு எடுக்கேல்லை, அடுத்த தவணைக்கு வாங்கோ." ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருந்து விடியப் பஸ் ஏறி வந்தவரிடம் இதை எத்தனை தரம் சொல்லலாம்? திருகோணமலை மாவட்டக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் நேரே கண்டதைச் சொன்னார்கள். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலையில், யூரி என்ற நடுவர் குழுவின் முன், ஆறு படையினரும் விடுதலை. அவர்கள் மேல் இருந்தது கொலைக் குற்றச்சாட்டு, சட்டத்தில் மரண தண்டனையும் இருந்தது. இருபது வருடம் தாண்டி வந்த சாட்சியத்துக்கு அதனால் ஒரு பலமும் கிடைக்கவில்லை.

மரண தண்டனை உள்ள, இல்லாத வெளிநாடுகளையும் பார்க்கலாம். அமெரிக்காவில் பார்க்லண்ட் பாடசாலையில் 2018இல் 17 பேரைக் கொன்றவனுக்கு நாலரை வருடத்துக்குப் பிறகு யூரியின் ஒருமித்த முடிவு கிடைக்காமல் ஆயுள் தண்டனை. சார்ல்ஸ்ரன் தேவாலயத்தில் 2015இல் ஒன்பது பேரைக் கொன்றவனுக்கு 2017இல் மரண தண்டனை விதித்தார்கள்; அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் மேன்முறையீடு. இப்படிச் சுடுபவர்களில் பலர் அந்த இடத்திலேயே, தங்கள் துவக்காலோ பொலிசாராலோ செத்துப்போகிறார்கள். சாகத் தயாராக வருபவனைக் கயிற்றைக் காட்டித் தடுக்க முடியாது. கிரைஸ்ட்சேர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்டார்கள். நியூசிலாந்தில் தூக்கு இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்த வகைத் துவக்குகள் தடை செய்யப்பட்டன. 2020 ஓகஸ்ட்டில், உறவை இழந்தவர்கள் நாட்கணக்காகப் பேசியதை அவன் இருந்து கேட்கவேண்டியிருந்தது. பிறகு முன்கூட்டிய விடுதலைக்கு இடமில்லாத ஆயுள் சிறை. நடந்து பதினேழு மாதம்.

2025 ஜனவரி 16 அன்று மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னால் இரண்டு பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் தேத்தண்ணிக் கடையில் அதே வார்த்தைதான் கேட்டது. கேட்கவேண்டியவை வேறு. இலங்கைச் சட்டத்தில் தானியங்கித் துவக்கை வைத்திருப்பதற்கே ஆயுள் சிறை வரை போகலாம். மன்னாரில் சுட்ட துவக்கு யாருடைய கையில் இருந்து வந்தது? அன்று தெருவில் கிடந்த கோதுகள் எத்தனை உறைகளில் போடப்பட்டன? சாட்சிகளின் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, அடுத்த தவணை எப்போது?