சில்லுகள் சுமக்கட்டும்: மூன்று சைக்கிள்களும் ஒரு வாகனமும்

2024 மே 11, சனிக்கிழமை. வெள்ளவத்தை

வெசாக் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போவதென்றும், அங்குள்ள பண்ணை என்ற இடத்திலிருந்து தீவகப் பக்கமாகச் சைக்கிள் ஓட்டுவதென்றும் வீட்டில் முடிவாகிவிட்டது. வாகனத்தில் ஏற்றிப் போக வேண்டிய சைக்கிள்கள் மூன்று. ஒன்று என்னுடைய உருக்குச் சட்டகச் சைக்கிள்; இன்னொன்று மருமகனுடைய காபன் இழைப் பந்தயச் சைக்கிள்; மூன்றாவது மட்காட்டும் கூடையும் பூட்டிய, பார் இல்லாத, அக்காவின் சைக்கிள். மூன்றும் மூன்று விதமான பிரச்சினைகள்.

காரில் சைக்கிள் ஏற்ற, நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த தாங்கியைத் தந்திருக்கிறார். காரின் டிக்கி மூடியில் பட்டிகளால் இறுக்கிக் கட்டும் வகை. அதிலிருந்து இரண்டு கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; சைக்கிளின் பாரை அந்தக் கைகளில் கொளுவி, இறப்பர்ப் பட்டியால் கட்டிவிட வேண்டியதுதான். விலை குறைவு, மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கலாம் என்பதால் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். முதலாவது காரைப் பற்றியது: எங்கள் காரின் பின்கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் தகடு ஒன்று நீண்டிருப்பதால், மேற்பட்டியின் கொக்கி உலோக விளிம்பில் பிடிக்காமல் அந்தத் தகட்டில்தான் போய் நிற்கிறது, மூன்று சைக்கிள்களின் இழுவையை அது தாங்காது. இரண்டாவது தயக்கம்தான் பெரியது. சைக்கிளின் முழு நிறையும், பள்ளத்தில் விழும்போது அதன் பல மடங்கும், பாரின் அடிப்பக்கத்தில் இரண்டு சிறிய இடங்களில் மட்டும் இறங்குகிறது.

சைக்கிளின் சட்டகம் சுமை தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமை ஆசனம், பெடல், ஹாண்டில், இரண்டு அச்சுகள் ஆகிய இடங்கள் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குழாயின் நடுவில் பக்கவாட்டிலிருந்து வரும் நெரிவுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கணக்குப் போடுவதில்லை.

மே 14, செவ்வாய்க்கிழமை

மாலையில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான சைக்கிள் பாஸ் (திருத்துநர்) ஒருவர் இருக்கிறார். விபத்தில் வளைந்த சட்டகம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த பார்க் குழாயை அவர் கடையிலேயே வைத்திருக்கிறார். சந்தேகத்தோடு வருபவர்களுக்குக் காட்டத்தானாம். குழாயை நீளவாக்கில் பிளந்திருந்தார். இரு முனைகளிலும் சுவர் தடிப்பாக இருந்தது; விரலை உள்ளே ஓட்டிக்கொண்டு நடுப்பகுதிக்கு வந்தபோது அது மெலிவது கைக்கே தெரிந்தது. குரோமியமும் மொலிப்டினமும் கலந்த நல்ல குரோமொலி உருக்குக் குழாய்களில் முனையில் 0.8 அல்லது 0.9 மில்லிமீற்றரும், நடுவில் 0.5 அல்லது 0.6 மில்லிமீற்றரும் இருப்பது வழக்கம். ஒட்டு விழும் முனைகளில்தான் தகைப்பு அதிகம் என்பதால் அங்கே உலோகத்தை வைத்து, நடுவில் நிறையைக் குறைக்கிறார்கள். தாங்கியின் கையோ கவ்வியோ வந்து பிடிப்பது சரியாக அந்த மெல்லிய நடுப்பகுதியை.

"எங்கட காலத்துச் சைக்கிள் பாரில ஆளை இருத்திக்கொண்டு போகலாம் தம்பி. இந்தக் காலத்துப் பாரைப் பிடிச்சு நசிச்சா, அவ்வளவுதான்" என்றார். பழுது பார்க்கும் நிலைதாங்கியில் சைக்கிளைப் பூட்டும்போதும் அவருடைய கவ்வி எப்போதும் ஆசனத் தண்டையே பிடிக்கும். ஆசனத் தண்டு கெட்டால் புதிது வாங்கிப் போடலாம். சட்டகம் கெட்டால் சைக்கிளே போய்விடும்.

உருக்கு நசுங்கினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். அலுமினியத்திலும் வண்ணப்பூச்சுச் சுருங்கி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காபன்தான் வஞ்சகம் செய்கிறது. அதன் இழைகள் நீளவாக்கில் இழுவிசையை அபாரமாகத் தாங்கும். அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதோ வெறும் பிசின். பக்கவாட்டில் கவ்வி நெரிக்கும்போது, வெளிப்பூச்சில் ஒரு கீறலும் இல்லாமலே உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். இதனால்தான் காபன் சட்டகக் கையேடுகளில் குழாயைக் கவ்வியால் பிடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையைக் காண்கிறோம். சுவீடனின் தூலே நிறுவனம் காபன் குழாய்க்கும் கவ்விக்கும் இடையே வைக்கத் தனியாக ஒரு காப்பையே விற்கிறது. அந்தக் காப்பு அழுத்தத்தைப் பரப்பும். அழுத்தமே இல்லாமல் செய்துவிடாது.

மே 16, வியாழக்கிழமை

கூரைத் தாங்கியைப் பற்றி மருமகன் இரவெல்லாம் வாதாடினான். முன்சில்லைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கவையான போர்க்கின் முனைகளைக் கூரையில் பூட்டும் வகை அவனுக்குப் பிடித்திருக்கிறது. சட்டகத்தை எதுவும் தொடாது என்பது அவன் வாதம். அது சரிதான், ஆனாலும் பாதிதான் சரி. பின்சில்லு பட்டியில் சிறிது தளர்ந்தாலும், வளைவுகளில் சைக்கிள் சரியும்போது முழு முறுக்கமும் போர்க்கின் இரண்டு முனைகளில் இறங்குகிறது. கருவியில்லாமலே சில்லைக் கழற்ற உதவும் நெம்புப்பூட்டுக்கு ஏற்ற 9 மில்லிமீற்றர் முனைக்குச் செய்த தாங்கி, அவனுடைய போர்க்கில் உள்ள 12 மில்லிமீற்றர் ஊடச்சுக்கு (போர்க்கின் இரு முனைகளையும் ஊடுருவிப் போகும் அச்சு) பொருந்தவும் பொருந்தாது, இடைத்துண்டு வேண்டும். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சில்லைக் கழற்றிய பிறகு யாராவது பிரேக்கை அமத்தினால் பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும், திரும்பச் சில்லைப் போட முடியாது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த கடதாசி மட்டையையோ நடுவில் செருகி வைக்க வேண்டும்.

கூரையை நான் மறுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. வெசாக் வாரத்தில் கொழும்பின் குறுக்கு ஒழுங்கைகளில் வீட்டுக்கு வீடு மின்குமிழ் வயர்களும் கூடுகளும் தலைக்கு மேலே தொங்கும். எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடக் கூரையோ அதைவிடத் தாழ்வு. காரின் உயரத்தோடு ஒரு மீற்றருக்கும் மேல் கூடியிருக்கிறது என்பதை நித்திரைக் கலக்கத்தில் வீடு திரும்பும் சாரதி நினைவில் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. கூரையில் நிற்கும் சைக்கிள் விட்டத்தில் மோதினால் போர்க், தலைக்குழாய், காரின் கூரை மூன்றும் ஒரே கணத்தில் போய்விடும்.

காற்றும் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 60 கிலோமீற்றரில் இருப்பதைவிட 100 இல் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த வேகத்தில் மழைநீர் ஹாண்டிலின் போல் பெயாரிங்குக்குள் பீய்ச்சி அடிக்கும்.

மே 18, சனிக்கிழமை. தெஹிவளை

மச்சானின் டபுள் கப் வாகனத்தில் இழுவைக் கொக்கி இருக்கிறது. 50 மில்லிமீற்றர் உருண்டை. கொழும்பின் சிறிய கார்களில் இது அரிது, ஆகையால் இது எங்கள் அதிர்ஷ்டம். மூன்று சைக்கிள் ஏற்றும் தட்டுத் தாங்கி ஒன்றை இரவலாக வாங்கி அதில் பூட்டினோம்.

இந்த வகையில் சைக்கிள் தன் சில்லுகளிலேயே நிற்கிறது. இரண்டு சில்லுகளும் தொட்டி போன்ற தட்டில் அமர்ந்து பட்டிகளால் கட்டப்படுகின்றன. ஒரு கொக்கிக் கை முன் டயரின் மேலே வந்து கீழ்நோக்கி அமத்திப் பிடிக்கிறது. பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்ச்சி டயர், சில்லு, அச்சு என்று வீதியில் ஓடும்போது வரும் அதே வழியில் வருகிறது. சட்டகம் அறிந்த வழி அது. டயரில் வழமையான காற்று இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. காற்று இறங்கினால் கொக்கியும் பட்டியும் தளர்ந்துவிடும்.

உருண்டையில் பழைய கிரீஸ் தடிப்பாக இருந்தது. இழுவை வண்டிக்கு அது நல்லது, இந்தத் தாங்கிக்கு ஆகாது. இது உராய்வினால்தான் நிமிர்ந்து நிற்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்ந்த பிறகே நெம்பை அமத்தினோம். தாங்கியின் நிறையும் சைக்கிள்களின் நிறையும் சேர்ந்து கொக்கிக்குக் குறித்த அளவைத் தாண்டக் கூடாது என்பதால் கையேட்டைப் பார்த்தே ஏற்றினோம்.

அக்காவின் சைக்கிள்தான் மல்லுக்கட்டியது. மட்காட் இருப்பதால் கொக்கிக் கை டயரைப் பிடிக்காமல் மட்காட்டை நெரிக்கிறது. அதற்கு மட்டும் கவ்விக் கையைப் பயன்படுத்தினோம். அதுவும் ஆசனத் தண்டில். அதுவே மூன்றிலும் நிறை கூடியது என்பதால் வாகனத்தை ஒட்டிய முதல் தட்டில் ஏற்றி, நிறை குறைந்த காபன் சைக்கிளை வெளிப்புறத் தட்டில் வைத்தோம்.

மே 19, ஞாயிற்றுக்கிழமை

விடியற்காலையில் பத்தரமுல்லை வரை ஒரு வெள்ளோட்டம். தியவன்னா ஓயாப் பக்கம் ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்களின் கூட்டம் என்பதால் அறிவுரைக்கும் பஞ்சமில்லை.

ஓட்டத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தாங்கியே சட்டகத்தைச் சேதப்படுத்துவதைவிட, ஒரு சைக்கிள் பக்கத்துச் சைக்கிளைச் சேதப்படுத்துவதற்கே வாய்ப்பு அதிகம். தாங்கி பின்சில்லுக்கு வெகு பின்னால் தொங்குவதால், வேகத்தடையில் வாகனத்தின் உள்ளே இருப்பவர்கள் உணர்வதைவிட அங்கே குலுக்கம் பெரிது. என் சைக்கிளின் இடது பெடல் காபன் சட்டகத்தின் கீழ்க்குழாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் நின்றது. அடுத்த வேகத்தடையில் தட்டியிருக்கும். அங்கேயே இறங்கிப் பெடல்களைக் கழற்றினோம். இடது பெடலின் புரி தலைகீழானது. மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழரும். ஹாண்டில் தானாகத் திரும்பிப் பாரில் அடிக்காதிருக்க, முன்சில்லைக் கீழ்க்குழாயோடு மென்மையான பட்டியால் கட்டினோம். பட்டிக்கு அடியில் பழைய ரியூப் துண்டு ஒன்றை வைக்கும் முன் குழாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. மணல் ஒட்டிய குழாயில் இறப்பரைச் சுற்றினால் அது அரத்தாள். நூறு கிலோமீற்றர் அதிர்வில் பூச்சைத் தின்றுவிடும்.

ஏசிக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்புப் பஞ்சுக் குழாய் ஹார்ட்வெயார் கடையில் அடி அளவில் கிடைக்கிறது. நீளவாக்கில் வெட்டி சட்டகங்களின் நெருங்கும் பகுதிகளில் போர்த்திவிட்டேன். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த உறைகளைவிட இது திறமாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

வாகனத்தை இயங்கவிட்டு, சைலன்சரின் வாய்க்கு நேரே வரும் டயரில் கையை வைத்துப் பார்த்தோம். சூடு இருந்தது. அந்தச் சைக்கிளைத் திருப்பி வைத்தோம். நீண்ட ஓட்டத்தில் சுடுபுகை டயரை இளக்கிவிடும், காபன் விளிம்பாக இருந்தால் பிசினையும் கெடுக்கும்.

மே 22, புதன்கிழமை இரவு

நாளை அதிகாலை புறப்பாடு. மழை விட்டபாடில்லை. தாங்கியோடு வந்த நைலோன் பட்டிகளை மாற்றிப் பொலியெஸ்டர்ப் பட்டிகள் போட்டேன். நைலோன் நனைந்தால் நீண்டு தளரும். தட்டையான பட்டிகளை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடத்து அலறாது. தண்ணீர்ப் போத்தல், பம்ப், கூடை எல்லாம் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. உறை போட்டு மூடலாமா என்று அக்கா கேட்டார். மூடினால் அது பாய்மரம் போலக் காற்றை வாங்கி, மிச்சப்படுத்தும் பூச்சைவிட அதிகமாக இழுத்துவிடும் என்று மறுத்தேன். பின் இலக்கத்தகடும் விளக்குகளும் மறையாமல் தாங்கியிலுள்ள விளக்குப் பலகையை இணைத்தோம்.

மே 23, வியாழக்கிழமை. யாழ்ப்பாணம்

ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்குள் நுழையும் முன் ஒரு தடவை நிறுத்திப் பட்டிகளை இறுக்கினோம். ஓடத் தொடங்கிய பிறகே எல்லாம் தன் இடத்தில் அமரும் என்பதால் அந்த முதல் நிறுத்தம் கட்டாயம். அதிவேகப் பாதையில் 100 அனுமதி இருந்தும் மச்சான் 80 ஐத் தாண்டவில்லை. புத்தளத்தில் தேநீர், மறுபடியும் பட்டி. அநுராதபுரத்தை அண்டிய பகுதியில் யாத்திரிகர் நெரிசலும், இலவச உணவு வழங்கும் வெசாக் தன்சல்களும். பின்னால் வந்த பஸ்கள் வெளிச்சைக்கிளுக்கு ஒரு முழத்துக்குள் வந்து நின்றன. பயணத்தில் எனக்கு வியர்த்த ஒரே இடம் அதுதான்.

இறக்கியதும் மருமகன் நாணயத்தால் காபன் குழாய்களைத் தட்டித் தட்டிக் கேட்டான். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். எங்கும் கணீர்தான். என் சைக்கிளின் பின் தண்டில் பஞ்சுக் குழாய் தேய்ந்து ஓர் ஓட்டை, அதற்கடியில் பூச்சு அப்படியே.

மே 28, செவ்வாய்க்கிழமை. தெஹிவளை

திரும்பி வந்து தாங்கியைக் கழற்றினோம். தீவகக் கடற்காற்றும் கொழும்பின் கடலோர மரைன் டிரைவ் உப்பும் சேர்ந்தால் நெம்பின் அச்சு இறுகிவிடும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுகளுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் பூசினோம். உருண்டையைப் பிடிக்கும் உட்பகுதியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு பட்டியின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் முன் அதற்கு மாற்று வாங்க வேண்டும். மருமகன் வெள்ளிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போகிறான்.