ஒரு மூடு மரச்சீனி

1983 மார்ச்சில் இலங்கையின் தலைமன்னாரில் 'ராமானுஜம்' என்ற கப்பலில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டிய 5,25,000 பேரிலும் அவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிலும் எங்கள் வீட்டு ஐந்து பேரும் அடக்கம். மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்தோம். பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இலங்கையில் ஹட்டனில் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மா, விடியுமுன் எழுந்து பால் வெட்டப் பழகினார்.

ஜூனில் என்னை நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் டீச்சர், "மக்களே, இங்கே வா" என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஒற்றைப் பிள்ளையையும் "மக்களே" என்று கூப்பிடும் ஊர் இது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு மனம் இளகிவிடும்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் பிள்ளைகளை வைத்தே டீச்சர் தோட்டம் போட்டிருந்தார். ஒருநாள் நாலு மிளகு பறித்து வரச் சொன்னார். மிளகுக் கொடியைத் தேடி வேலி முழுக்கச் சுற்றினேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே காந்தாரிச் செடியைக் காட்டினாள். நாங்கள் கொச்சிக்காய் என்னும் மிளகாய் இவர்களுக்கு மிளகு. நமது மிளகோ இவர்களுக்கு நல்லமிளகு. மரவள்ளியை மரச்சீனி என்றார்கள். நான் கோவா என்றால் யாருக்கும் புரியவில்லை. முட்டைக்கோஸ் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆனி மழையில் மரச்சீனி நட்டோம். முற்றிய கம்பை ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நறுக்க வேண்டும். கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, மண் கூட்டிய மேட்டில் நேராக ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றிவிடுவேனோ என்று பயந்து ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு, விழுந்த இலையின் தழும்பு இருக்கும். அதற்கு மேலே கடுகளவு மொட்டு. தழும்பு கீழே, மொட்டு மேலே. டீச்சர் சொன்ன அந்தக் கணக்கு இன்றும் விரல் நுனியில் இருக்கிறது. தளிர் வந்ததும் இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினோம். ஒரு பிள்ளைக்கு ஒரு மூடு, அதாவது ஒரு செடி. என்னுடையது கிணற்றோரம்.

மாசியில் பிடுங்கினோம். நானும் இன்னும் மூன்று பேரும் தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தோம். மண் வெடித்து, விரல் விரித்த கை போல ஆறு கிழங்குகள் வெளியே வந்தன. ஒன்று ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதை விட மனமில்லாமல் கையாலேயே தோண்டி எடுத்தேன்.

1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அடுப்பில்தான் சமையல். தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். கிழங்கிலுள்ள நச்சு அதோடு போய்விடும் என்று டீச்சர் சொன்னார். தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், நாங்கள் பறித்த காந்தாரி எல்லாவற்றையும் ஆயா ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு அகப்பையால் மயக்கினார். மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி படக் கூடாது என்பது அம்மா சொல்லி வளர்த்தது. அதனால் அன்று மாலை பக்கத்து வீட்டில் கொடுத்த சுக்குக் காப்பியை நான் தொடவில்லை.

பிள்ளைகள் தோட்டம் போடும் பள்ளிகளில் அறுவடையன்று அங்கேயே சமைக்கவும் வேண்டும் என்று நான் யாரிடமும் வாதாடுவேன். நட்ட கை அரைக்கவும் பரிமாறவும் வேண்டும். அதுவரை என் அருகில் உட்காராத பிள்ளைகள் அன்று என் மூட்டுக் கிழங்கு எது என்று கேட்டுத் தின்றார்கள்.

டீச்சர் ஆளுக்கொரு கம்பு கொடுத்தனுப்பினார். வீட்டில் அப்பா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஹட்டனில் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கேரட்டும் போட்டவர், இங்கே வந்த பிறகு ஒரு செடிகூட வைத்ததில்லை.

"எத்தனை மாதத்தில் பிடுங்கலாம்?" என்று கேட்டார்.

"ஒன்பது, பத்து மாதம் ஆகும் அப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் கேட்டு வரச் சொன்னார்.